கொல்லையில் ஒரு மூலை

சிறுவர் விளையாடப் பெரும்பணம் வேண்டுமென்பது வீண் எண்ணம். ஐரோப்பாவின் யுத்த காலமே இதைக் காட்டிற்று. 1943ஆம் வருஷம், ஜெர்மானியர் வசமிருந்த டென்மார்க்கில், கோபன்ஹேகனை அடுத்த எம்ட்ரூப்பில், ஸோரன்ஸன் என்னும் தோட்டக்கலைஞரின் யோசனைப்படி ஒரு விளையாட்டிடம் திறக்கப்பட்டது. பழம் பலகை, செங்கல், மண் முதலியவையே அங்கிருந்த பொருள்கள். அவற்றால் சிறுவர் தாமே குடில்கள் கட்டினார்கள். 1946இல் அதைக் கண்ட ஆலன் சீமாட்டியார், குண்டுவீச்சால் பாழான பிரிட்டிஷ் மனைகளிலும் அத்தகைய இடங்கள் தோன்ற உழைத்தார்.

நமது கொல்லைகளுக்கும் அவ்வழி ஏற்றதே. ஒரு வண்டி மணல், தென்னந்துண்டுகள், உறுதி குன்றாத பழங்கயிறு, மழைநீர் தேங்காதபடி துளையிட்ட பழைய டயர் இவை போதும். ஆணிகளைக் களைவது பெரியோர் கடமை. மேடையில் சுதந்திரமென்று முழங்கும் நாம், வீட்டில் மண்ணளையும் குழந்தைகளை அதட்டலாமா? கொல்லையில் ஒரு மூலையையேனும் அவர்களுக்கு விட்டுக்கொடுப்போமாக.