முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாலைப்பொழுது



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும், எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத் தலைவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். கையில் வழுவழுப்பான தாளில் அச்சிட்ட சுற்றுலா விளம்பரம். "சாமி, மே மாசம் குடும்பத்தோட ஐரோப்பா போறோம். நாளைக்கு முன்பணம் கட்டணும். ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றார். அம்மாவும் வருகிறார்களா என்று கேட்டேன். "அவங்களுக்காகத்தான் சாமி போறதே. நான் பொறந்தப்போ பதுவைக்கு வர்றதா அந்தோணியாருக்கு நேர்ந்துக்கிட்டாங்களாம்."

தாளை வாங்கிப் பார்த்தேன். 12 நாள்கள், 7 நாடுகள். இத்தாலிக்கு இரண்டு நாள். அதிலும் உரோமை ஞாயிற்றுக்கிழமையில் விழுகிறது. மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் வத்திக்கான் அருங்காட்சியகம் மூடியிருக்கும். சிஸ்டைன் சிற்றாலயம் அதற்குள்தான் இருக்கிறது. பதுவை நகரின் பெயரோ தாளில் எங்குமே இல்லை. எந்தத் தாய்க்காகப் பயணமோ, அந்தத் தாய்க்கு அதில் ஒன்றுமே இல்லை. அவர் மகன் இதைக் கவனிக்கவில்லை. ஐரோப்பா என்றால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்துவிட்டார்.

பன்னிரண்டு வயது இயேசுவைத் திருவிழாவுக்கு அழைத்துச் சென்ற பெற்றோரை லூக்கா காட்டுகிறார். பிள்ளை பயணக் கூட்டத்தில் இருப்பான் என்று எண்ணிக்கொண்டு ஒருநாள் தூரம் நடந்துவிட்டார்கள். கூட்டத்தோடு போகும்போது எல்லோருக்கும் நேரக்கூடியதுதான் அது. நம் அக்கறையின் ஒரு பகுதியைக் கூட்டத்திடம் ஒப்படைத்துவிடுகிறோம்.

இதைச் சொல்ல எனக்கு அருகதை இருக்கிறதா என்றால், பட்டுத் தெரிந்தவன் என்ற முறையில் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு மே 15 அன்று நம் தேவசகாயம் உரோமையில் புனிதராக உயர்த்தப்பட்டபோது, ஒரு சிறு குழுவோடு நானும் போயிருந்தேன். புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடத்தில் ஏறலாம் என்றார்கள். எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டியை, "லிஃப்ட் இருக்கு, வாங்க" என்று நானே அழைத்தேன். அந்த லிஃப்ட் மொட்டைமாடி வரைதான் போகும். மொத்தம் 551 படிகளில், லிஃப்டில் போனாலும் 320 படிகள் மிச்சம். மேலே போகப் போகச் சுவர் சாய்ந்து, வழி குறுகி, பின்னால் ஆட்கள் நெருக்குவார்கள். பாட்டி எப்படியோ ஏறி இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு மூன்று நாள்கள் அறையைவிட்டு அவரால் வெளியே வர முடியவில்லை. அவர் ஆசைப்பட்டிருந்த புனித பவுல் பெருங்கோவிலைப் பார்க்காமலே ஊர் திரும்பினார். எத்தனை படிகள் என்று ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் போதும், நான் விசாரிக்கவில்லை.

ஆகவே அந்த மனிதரிடம், முன்பணத்தை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொன்னேன். மறுநாள் மாலை ஐந்து பேரும் வந்தார்கள். பாட்டி, மகன், மருமகள், பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் பேத்தி, பத்து வயதுப் பேரன். ஒவ்வொருவரும் தனக்கு முக்கியமான ஒரே ஒரு இடத்தைச் சொல்ல வேண்டும் என்றேன். பேரன் கொலோசியம் என்றான். பேத்திக்கு வெனிஸ். மருமகள் திருத்தந்தையைப் பார்க்க வேண்டும் என்றார். பாட்டி வெட்கப்பட்டுக்கொண்டே பதுவை என்றார். எல்லாமே ஒரே நாட்டுக்குள் அடங்கிவிட்டன! உரோமையிலிருந்து பதுவைக்கு விரைவு ரயிலில் சுமார் மூன்றரை மணி நேரம். பதுவையிலிருந்து வெனிஸ் அரைமணி நேரம்தான். முன்கூட்டியே வாங்கினால் ரயில் கட்டணமும் குறையும். ஏழு நாடுகளுக்குப் பதில் ஒரு நாடு, ஒன்பது நாள் என்று தாளில் எழுதிக்கொண்டோம். சுவிஸ் பனியைப் பார்க்க முடியாது என்பதில் தகப்பனாருக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

திருத்தந்தையின் பொதுச் சந்திப்பு புதன்கிழமைகளில் நடக்கும். அனுமதிச் சீட்டு முற்றிலும் இலவசம். அதற்குப் பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஜூலையில் இச்சந்திப்பு வழக்கமாக இராது. ஞாயிறு நண்பகல் மூவேளைச் செபத்திற்குச் சீட்டே வேண்டாம். எனவே விமானச் சீட்டின் தேதியைப் பார்க்கும்போது, உரோமையில் ஒரு புதன்கிழமை அகப்படுகிறதா என்று பாருங்கள். பேராலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். நம் வீட்டுச் சேலைக்கும் சுடிதாருக்கும் அதில் பிரச்சினை இல்லை. அரைக்கால் சட்டை போட்ட அப்பாக்கள்தான் வாசலில் திரும்புகிறார்கள்.

இனி விசா. இத்தாலிக்கு வேண்டியது ஷெங்கன் விசா. பயணத்திற்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள்களுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும் என்பது விதி. ஆனால் கோடை விடுமுறைக்கு ஊரே விண்ணப்பிக்கும் நேரத்தில் அந்தக் கடைசி நாளை நம்பாதீர்கள். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45. அதற்கும் சின்னவர்களுக்கு இல்லை. இந்தக் குடும்பத்திற்கு 405 யூரோ, அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பாது. ரத்து செய்ய முடியாத விமானச் சீட்டை விசாவுக்கு முன் வாங்கிவிட்டால் அதுவும் போகும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். ஆனால் பழைய நோய்களுக்குப் பல காப்பீடுகள் பணம் தருவதில்லை. பாட்டிக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருப்பதால், அந்தப் பொடி எழுத்தைப் பேத்தியை விட்டு வாசிக்கச் சொன்னேன்.

பாஸ்போர்ட் திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதங்கள் செல்லுபடியாக வேண்டும். சிறு பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளுக்கே தரப்படுகிறது என்பதைப் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள். பேரனுடையது பிப்ரவரியிலேயே முடிகிறது. அன்று மாலைதான் அது கண்ணில் பட்டது.

பெரிய சிக்கல் பாட்டியின் பெயரில் இருந்தது. ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் அழைத்த பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் ஏறிய பெயர் ஒன்று. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும். குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. நம் ஊரில் தலைப்பெழுத்தோடு வாழ்ந்தவர்கள் பலருக்கும் இதே நிலைதான். இவர்கள் திரும்பும் வழியில் துபாயில் இரண்டு நாள் தங்க நினைத்திருந்தார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. பின்னர், பாஸ்போர்ட்டின் மற்றப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தியது. விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு உறுதி செய்யும் வரை துபாயை எண்ணாதீர்கள் என்றேன். துபாயை அவர்களே அடித்துவிட்டார்கள். (ஞானஸ்நானச் சான்றிதழில் பெயரைக் கொஞ்சம் மாற்றி எழுதித் தரும்படி சிலர் என்னிடம் கேட்பதுண்டு. பதிவேட்டில் உள்ளதைத்தான் நான் எழுத முடியும், மன்னிக்கவும்.)

கடைசியாகப் பணம். நகையை அடகு வைக்கப்போவதாக மருமகள் மெல்லச் சொன்னார். ஜூனில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். ஒன்பது நாள் திட்டத்துக்கு ஆகும் செலவையும் கையில் இருப்பதையும் எதிரெதிரே எழுதினோம். துண்டு விழுந்தது. ஓராண்டு தள்ளிப்போடலாமே என்றேன். அப்போது பாட்டி, "அந்தோணியாரு இத்தனை வருஷம் பொறுத்தாரு, இன்னும் ஒரு வருஷம் பொறுக்க மாட்டாரா? என் முழங்காலுதான் பொறுக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தோம், மகன் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த ஆண்டு மே மாதம் என்று முடிவாகியிருக்கிறது. மாதந்தோறும் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போடுகிறார்கள். அந்தச் சுற்றுலா விளம்பரத்தின் பின்பக்கத்தில்தான் பேத்தி கணக்கு எழுதி வருகிறாள். பதுவைப் பெருங்கோவிலில் புனிதரின் கல்லறையைத் தொட எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று பாட்டி என்னைக் கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். தினமும் மாலைச் செபமாலைக்குப் பிறகு அவர் கோவிலைச் சுற்றி நடக்கிறார். முதல் வாரம் இரண்டு சுற்று. நேற்று நான் எண்ணியபோது ஐந்து.