கழிவுநீரும் கல்வாழைப் பாத்தியும்

குடிநீர்க் குழாய் இன்று நம் கிராமங்களில் பெரும்பாலான வீடுகளுக்கு வந்துவிட்டது. வந்த நீர் வெளியே செல்லும் வழியை நாம் எண்ணிப் பார்த்தோமா? 2019-ஆம் ஆண்டில் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்படி, ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் வழங்கப்பெறுதல் வேண்டும். ஐவர் வாழும் இல்லத்துக்கு இது 275 லிட்டர். இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, குளித்த நீராகவும் துணி துவைத்த நீராகவும் பாத்திரம் துலக்கிய நீராகவும் வெளியேறுகின்றது. அது தெருவில் தேங்கினால், யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு பெருகும். அண்டை வீட்டாரிடையே பூசலும் விளையும்.

இந்நீரைத் தூய்மையாக்க இயந்திரமோ மின்சாரமோ வேண்டுவதில்லை. புழக்கடையில் 12 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழமுள்ள பள்ளம் எடுத்து, நீர் கசியாதவாறு சிமெண்டு பூச வேண்டும். முக்கால் அங்குலக் கருங்கல் சல்லியை நிரப்பிக் கல்வாழை நட வேண்டும். நீர் ஒரு தலைப்பில் நுழைந்து மறு தலைப்பில் வெளியேறும். வெளியேறும் வாயைச் சல்லியின் மேல்மட்டத்துக்கு அரை அடி கீழாக அமைத்தல் வேண்டும். அப்போது நீர் வெளியே தெரியாமல் கல்லின் ஊடே செல்லும். கொசு முட்டையிட இடமிராது.

ஐவரின் கழிவுநீர் இப்பாத்தியில் ஏறத்தாழ நான்கு நாள் தங்கும். சல்லியின்மீதும் வேரின்மீதும் படிந்து வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. அதனால் விடுபடும் சத்துகளில் ஒரு பகுதியைச் செடி ஏற்று வளர்கிறது. வெளிவரும் நீர் வாழைக்கும் தென்னைக்கும் ஏற்றது. பருகுதற்கோ, பச்சையாக உண்ணும் காய்கறிக்கோ ஆகாது. கழிப்பறை நீரை இப்பாத்தியில் விடலாகாது.

ஒன்றை மறைக்காமல் கூறுதல் நம் கடமை. நாம் முதலில் அமைத்த பாத்திகளுள் ஒன்று ஆறே மாதத்தில் அடைத்துக்கொண்டது. குறை செடியில் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கையும் சோற்றுப் பருக்கையையும் தடுக்கும் சிறு தொட்டியைப் பாத்திக்கு முன்னர்க் கட்டிய நாம், அதைத் துப்புரவு செய்வது யார் பொறுப்பு என்பதை வீட்டாரிடம் கூறத் தவறினோம். சல்லி முழுவதையும் அள்ளிக் கழுவி மீண்டும் நிரப்ப நேர்ந்தது. அதுமுதல், வாரம் ஒருமுறை தொட்டியைத் துப்புரவு செய்யவும் முதிர்ந்த தண்டுகளை அவ்வப்போது அறுத்தெடுக்கவும் இசையும் இல்லங்களுக்கே முதலிடம் தந்து வருகிறோம்.

பாத்தி கட்டுவது சில நாள் வேலை. அதைக் காப்பது வாரத்தில் கால் மணி நேர வேலை. இந்தக் கால் மணி நேரத்தை ஒவ்வொரு குடும்பமும் ஒதுக்குமாயின், நம் தெருக்கள் உலர்ந்து தூய்மையுறும் என்பதில் ஐயமில்லை.