மொட்டை மாடியில் சோலார்... போட்ட பணம் எப்போது திரும்பும்? பில்லைப் பார்த்தாலே தெரியும்!

``சோலார் போட்டுட்டா கரன்ட் பில்லே வராது'' என்ற பேச்சு இப்போது தெருவுக்குத் தெரு கேட்கிறது. பி.எஃப் பணத்தை எடுத்தோ, நகையை அடகு வைத்தோ பேனல் மாட்டலாமா என யோசிக்கும் குடும்பங்களும் உண்டு. முன்பணம் கொடுக்கும் முன், வீட்டின் கடைசி ஆறு கரன்ட் பில்களை எடுத்து வைத்துக் கணக்குப் போடுவது நல்லது.

மானியம் எவ்வளவு?

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய `பி.எம் சூர்ய கர்' திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் ரூ.78,000 மானியம் கிடைக்கிறது. பேனல் மாட்டி, ஆய்வு முடிந்த பிறகே இந்தத் தொகை வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுப் பணத்தையும் நாம்தான் புரட்ட வேண்டும்.

இரண்டு வீடு, இரண்டு கணக்கு

நல்ல வெயில் படும் மாடியில் 1 கிலோவாட் பேனல், ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். கீழே உள்ள கணக்கு, 2024 ஜூலை மாதக் கட்டண விகிதத்தை ஒட்டியது.

முதல் வீட்டில் ஏ.சி ஓடுகிறது. இரண்டு மாதத்துக்கு 900 யூனிட். பில் சுமார் ரூ.5,900. அங்கே 3 கிலோவாட் போட்டால் 720 யூனிட் கழிந்து, பில் ரூ.200-க்குள் வந்துவிடும். ஆண்டுக்கு மிச்சம் சுமார் ரூ.34,000. செலவு ரூ.2 லட்சம் என்று வைத்துக்கொண்டால், மானியம் போக ரூ.1,22,000. நான்கு ஆண்டுக்குள் போட்ட பணம் கைக்கு வந்துவிடும்.

இரண்டாவது வீட்டில் 400 யூனிட்தான். பில் சுமார் ரூ.1,200. அங்கே ரூ.1,40,000-க்கு 2 கிலோவாட் போட்டால், மானியம் போக ரூ.80,000 செலவு. பில் பூஜ்ஜியமே ஆனாலும் ஆண்டுக்கு மிச்சம் சுமார் ரூ.7,000. பணம் திரும்ப 11 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதே ரூ.80,000-ஐ 7% வட்டிக்கு வங்கியில் போட்டால் ஆண்டுக்கு ரூ.5,600 வரும், அசலும் அப்படியே இருக்கும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்?

தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள ஒவ்வொரு யூனிட்டுக்கும் ரூ.8-க்கு மேல் கட்டணம். சோலார் முதலில் வெட்டுவது இந்த விலை உயர்ந்த யூனிட்களைத்தான். அதனால் பில்லை பூஜ்ஜியமாக்க ஆசைப்பட்டுப் பெரிதாகப் போட வேண்டியதில்லை. 400 யூனிட் வீட்டுக்காரர் 1 கிலோவாட்டோடு நிறுத்திக்கொண்டால், செலவு மானியம் போக ரூ.45,000 என்ற கணக்கில், ஏழெட்டு ஆண்டுகளில் பணம் திரும்பிவிடும்.

கையெழுத்துப் போடும் முன்...

* பேட்டரி இல்லாத சாதாரண சோலார், மின்வெட்டு நேரத்தில் வேலை செய்யாது. லைனில் வேலை பார்க்கும் ஊழியர்களின் பாதுகாப்புக்காகத் தானே அணைந்துவிடும். பேட்டரி சேர்த்தால் செலவு கூடும்.

* பேனல்களுக்கு வழக்கமாக 25 ஆண்டு வாரன்டி உண்டு. இன்வெர்ட்டருக்கு அவ்வளவு காலம் கிடையாது. இடையில் ஒரு முறையாவது மாற்ற நேரிடும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

* 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் தேவை. தண்ணீர்த் தொட்டி, தென்னை மரம், பக்கத்து வீட்டு மாடி எதன் நிழல் விழுந்தாலும் உற்பத்தி குறையும்.

* கடலோர ஊர்களில் புயல் காற்றைத் தாங்கும் இரும்புச் சட்டமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

* கடன் வாங்கிப் போட்டால், மாதத் தவணையையும் மாதம் மிச்சமாகும் கரன்ட் கட்டணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நகைக்கடன் வட்டி மிச்சத்தைத் தின்றுவிடக்கூடாது.

இரண்டு மாத பில் ரூ.4,000-ஐத் தாண்டும் சொந்த வீட்டுக்கு சோலார் நல்ல முதலீடு. ரூ.1,500-க்குள் இருந்தால் அவசரமே இல்லை. அந்த வீட்டில் பழைய குண்டு பல்பையும் பழைய ஃபேனையும் மாற்றுவதே முதல் சேமிப்பு!