கோதடிக்கு அடித்துணி எது?

நம் சங்கத்துக் கைவேலைக் கண்காட்சியில் நான் வைத்திருந்த கோதடியைப் புரட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும், "பின்பக்கம் வேட்டியா?" என்று கேட்டார்கள். ஆமாம், வேட்டிதான். அது எப்படி வந்தது என்று எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

நம் ஊரில் பழம்புடவை தூளியாகும், பிறகு கரித்துணியாகும், அத்தோடு சரி. போர்த்திக்கொள்ளும் குளிர் அங்கே இல்லை. இங்கே புனேயில் மார்கழி பிறந்துவிட்டால் விடியற்காலையில் பல்லைக் கிட்டுகிறது. மராட்டியர் வீடுகளில் பழைய நூல் புடவைகளை அடுக்கடுக்காக வைத்துத் தைத்த கோதடி இல்லாத வீடு அபூர்வம். வங்காளத்துக் காந்தா, பீகாரின் சுஜனி எல்லாம் இதற்கு அக்கா தங்கைகள்தான். வட கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்துக் காடுகளில் வாழும் சித்தியர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் தைக்கும் கவந்தியில் மேலே வண்ண வண்ண ஒட்டுத் துணிகள் இருக்கும். அடியில் முழுப் புடவை ஒன்று இருக்கும். நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணி வைத்து முடிப்பார்கள். அதற்குப் பூ என்று பெயர்.

அம்மா போன பிறகு டிரங்குப் பெட்டியில் அவளுடைய ஒன்பது கெஜம் நான்கு இருந்தன. பட்டு இல்லை, தினப்படி நூல் புடவைகள். அவற்றில் சந்தன நிறத்தில் அரக்கு பார்டர் போட்ட ஒன்றை மகளுக்குக் கோதடியாக்கினேன். கதகதப்பாக இருக்கட்டும் என்று அடியில் மட்டும் கடையில் புதிதாக வாங்கிய சிவப்பு ஃபிளானல் துணியை வைத்தேன். மூன்று மாத வேலை. முதல் தடவை துவைத்ததும் ஃபிளானல் சுருங்கிவிட்டது. மேல்துணி அப்பளம் மாதிரி பொங்கி நின்றது. சிவப்புச் சாயம் ஊறி, அம்மாவின் சந்தனப் புடவையில் ரோஜா நிறத் திட்டுக்கள்.

கீழ்வீட்டு ஆஜி வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "துணியைத் துவைத்துவிட்டுத் தைத்தாயா?"

விஷயம் அவ்வளவுதான். பழம்புடவை நூறு தடவை தண்ணீர் பார்த்தது; சுருங்க வேண்டியது சுருங்கி, போக வேண்டிய சாயமும் போயிருக்கும். புதுத்துணி இனிமேல்தான் சுருங்கப் போகிறது. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் ஒன்று இழுக்கும், மற்றது பொங்கும். எல்லா அடுக்கும் ஒரே பழம்புடவையாக இருந்தால் இந்தத் தொல்லை கிடையாது. அடித்துணி வேறாக இருந்தால் முன்னேற்பாடு அவசியம். ஒரு சாண் சதுரம் வெட்டி அளந்துகொள்ளுங்கள். சுடுதண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டு மறுபடி அளந்தால் எவ்வளவு சுருங்குகிறது என்று தெரிந்துவிடும். ஈரத்தோடு அதை ஒரு வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்தால் சாயத்தின் குணமும் தெரியும். உப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். நான் நம்பிக் கெட்டேன். சாயம் போகிற துணியை வைக்காமல் இருப்பதே உத்தமம். ஃபிளானல்தான் வேண்டும் என்பவர்கள் வெளிர் நிறத்தில் வாங்கி, இரண்டு முறை துவைத்த பிறகே வெட்டுங்கள்.

பாலியெஸ்டர் வேண்டாம். வழுக்கும், வியர்வையை உறிஞ்சாது, ராத்திரி முழுக்கக் கட்டிலிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். பட்டும் வேண்டாம் என்பது என் கட்சி. ஜரிகை உடம்பில் உறுத்தும், மடிப்பில் முறியும். காடாத்துணி உழைக்கும், ஆனால் ஊசி இறங்காமல் விரல் புண்ணாகும்.

பழைய நான்கு முழ வேட்டிதான் எனக்குக் கடைசியில் சரிப்பட்டது. கணக்கைப் பாருங்கள். ஒன்பது கெஜம் சுமார் 8.2 மீட்டர். அதை 1.8 மீட்டராக வெட்டினால் நான்கு அடுக்கு, மிச்சத்தில் ஒட்டுப்போடத் துண்டுகள். புடவை அகலம் சுமார் 1.15 மீட்டர். வேட்டியோ ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், 1.25 மீட்டர் அகலம். ஆகவே நான்கு பக்கமும் குறைந்தது 5 செ.மீ. வெளியே நிற்கும். அதையே மேல்பக்கம் மடித்துத் தைத்தால் தனியாகப் பார்டர் வேண்டியதில்லை. வேட்டியின் கரை அழகாக ஓரத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

தரையில் வேட்டியை விரித்து, மூலைகளில் அம்மிக்குழவியோ தடித்த புத்தகமோ வைத்து இழுத்து நிறுத்துங்கள். மேலே அடுக்குகளைப் போட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பெரிய தையலாக நூல் ஓட்டிவிடுங்கள். ஆஜி போன்ற கைதேர்ந்தவர்கள் ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி உள்ளே வருவார்கள். அடித்துணி வேறானால் தொய்வெல்லாம் நடுவில் வந்து சேரும், அதனால் முதலில் இந்தத் தற்காலிகத் தையல் தேவை. பிறகு இரண்டு விரல் இடைவெளியில் வரிசையாகத் தைக்கலாம். பருத்தி நூலே போதும். வங்காளத்தில் அந்தக் காலத்தில் புடவைப் பார்டரிலிருந்தே நூலை உருவித் தைப்பார்களாம். அந்தப் பொறுமை எனக்கு இல்லை. அங்குஸ்தான் போட்டுக்கொள்ள மறக்காதீர்கள்.

பாழான கோதடியை என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். தையல் முழுவதையும் பிரித்து, சிவப்புத் துணியை எடுத்துப்போட்டேன். ரோஜாத் திட்டுக்கள் மேல் அரக்கு பார்டரிலிருந்து வெட்டிய சதுரங்களை ஒட்டுப்போட்டேன், மொத்தம் பதினோரு சதுரங்கள். அடியில் அப்பாவின் வேட்டி. கண்காட்சியில் நீங்கள் டிசைன் என்று பாராட்டியது அந்தப் பதினொன்றைத்தான்.