சத்தமா, மங்கலா?



சபையில் கிட்டார் வாசிக்கும் வாலிபர்களின் காலடியில் ஒரு சிறு பெட்டி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதை மிதித்தால் கிட்டாரின் நாதம் மாறும். பெடல் என்று அதைச் சொல்லுவார்கள். குண்டலுபேட்டையில் ஒரு தம்பி பல இரவுகள் விழித்திருந்து தன் கையினாலேயே அப்படியொரு பெடலைச் செய்தார். முதல் ஞாயிறு அதை மிதித்தவுடன் சத்தம் பாய்ந்தெழும்பிப் பாடுகிறவர்களின் குரலை மூடிப்போட்டது. "தம்பி, குறையுங்கள்" என்றார் மூப்பர். மறுபடியும் மிதித்து அணைத்தார். இப்பொழுதோ நாதம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிப்போயிற்று. அடுத்த வாரம் கிட்டார் இல்லாமல் வெறுங்கையாய் வந்தார்.

குறை அவருடைய திறமையில் இல்லை. பெட்டியில் இரண்டு காரியங்கள் விடுபட்டிருந்தன.

முதலாவது, சத்தத்தைக் கட்டுப்படுத்தும் குமிழ். 100 கிலோஓம் 'லாக்' வகைக் குமிழ் போதும். செவி சத்தத்தை உணரும் விதத்துக்கு அதுவே ஏற்றது. அதன் ஒரு ஓரக்காலில் பெடல் சுற்றின் வெளியீட்டையும், மற்ற ஓரக்காலில் கிரவுண்டையும் இணைக்கவேண்டும். நடுக்காலிலிருந்து சத்தம் வெளியே போகும். மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒரே அளவு கேட்கும்படி இதைத் திருப்பி வைக்கலாம்.

இரண்டாவது, பஃபர். இது சத்தத்தைக் கூட்டுவதில்லை. பலவீனமான சிக்னலுக்குத் தோள் கொடுக்கிறது. சாதாரண கிட்டார் வயர் மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபாரட் மின்தேக்கத்திறன் உடையது. கிட்டாரிலிருந்து பெடலுக்கு 3 மீட்டரும், அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு 10 மீட்டரும் ஆனால் 1300 பிகோஃபாரட். பெடல் அணைந்திருக்கையில் இந்தச் சுமை முழுவதையும் கிட்டாரே தாங்குகிறது. ஆகையால் கீச்சு ஒலிகள் வழியிலேயே கரைந்துபோகின்றன. குமிழை எவ்வளவு கூட்டினாலும் அவை திரும்பிவருவதில்லை.

டி.எல்.072 என்னும் எட்டுக்கால் ஐ.சி.யில் இரண்டு ஆப்-ஆம்ப்கள் உண்டு. ஒன்றைக் கிட்டார் நுழையும் இடத்தில், மிதிக்கும் சுவிட்சுக்கு முன்பாக வையுங்கள். பெடல் அணைந்திருந்தாலும் அது வேலைசெய்யும். மற்றொன்றைச் சத்தக் குமிழுக்குப் பின் வையுங்கள். ஏனெனில் அந்தக் குமிழைப் பாதி குறைத்தால் அதுவே 25 கிலோஓம்வரை தடையாகி, நீண்ட வயரில் மறுபடியும் மங்கலைக் கொண்டுவரும். ஒவ்வொரு நுழைவிலும் ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும், 4.5 வோல்ட்டுக்கு இணைத்த 1 மெகாஓம் ரெசிஸ்டரும் வேண்டும். இரண்டு 10 கிலோஓம் ரெசிஸ்டர்கள் 9 வோல்ட் பேட்டரியைச் சரிபாதியாகப் பிரித்து அந்த 4.5 வோல்ட்டைத் தரும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 1966இல் லண்டனில் வெளிவந்த ஃபஸ் ஃபேஸ் போன்ற பழைய மாதிரிப் பெடல்கள் கிட்டாரோடு நேரே பேசவே விரும்பும். அவற்றுக்கு முன் பஃபர் வைத்தால் நாதம் கெட்டுப்போம், பின்னால் வையுங்கள்.

இந்தப் பாகங்கள் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கும். பேட்டரியில் ஓடும் பெட்டியை மட்டும் திறவுங்கள். கரண்டில் ஓடும் ஆம்ப்ளிஃபயருக்குள் கைவைக்க வேண்டாம். அது உயிருக்கு ஆபத்து.

பெரியோரே, 33ஆம் சங்கீதம் திறமையோடு வாசிக்கும்படி சொல்லுகிறது. திறமை வளர இடங்கொடுப்பவர்கள் நாம் அல்லவா? "குறை" என்று சொல்லுமுன், "சத்தமா தம்பி, மங்கலா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சத்தமானால் குமிழ்; மங்கலானால் பஃபர். குண்டலுபேட்டைத் தம்பிக்கு அந்தக் கேள்வி மூன்று வாரம் தாமதமாய்க் கிடைத்தது. நான்காம் வாரம் கிட்டாரோடு வந்தார்.