பப்பாளியின் நிறமும் உயிர்ச்சத்தும்

பேரையூர்ப் பக்கத்துக் கொல்லைகளிற் காய்க்கும் பப்பாளியுள் ஒன்றன் சதை மஞ்சள். மற்றொன்றன் சதை சிவப்பு. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 7 வகையும் சிவந்ததே. இவ்வேற்றுமைக்குக் காரணம் மண்ணன்று. ஜீன் என்னும் மரபுக்கூறு ஒன்றேயாம்.

பழத்தில் முன்னர்த் தோன்றுவது லைக்கோபீன் என்னுஞ் செந்நிறப்பொருள். மஞ்சட்பழத்தில் அம்மரபுக்கூறு அதனைப் பீட்டா கரோட்டீனாக மாற்றுவிக்கும். சிவந்த பழத்திலோ, ஏடெழுதுவோன் ஈரெழுத்து மிகையாய் எழுதப் பொருள் கெடுதல்போல, அக்கூற்றில் ஈரெழுத்து மிகுந்து அது பயனற்றுப்போயிற்று. தாய் தந்தை இருவழியும் அப்பிழை வந்தாலன்றிச் செம்மை தோன்றாது. ஆதலின் செம்பழத்தின் விதை மஞ்சட்பழம் ஈனினும் வியப்பின்று; வேற்றுமரத்து மகரந்தத்தின் செயலது.

நம் உடல் பீட்டா கரோட்டீனினின்று ‘ஏ’ உயிர்ச்சத்தை ஆக்கிக்கொள்ளும், லைக்கோபீனினின்று ஆக்கமாட்டாது. எனினும் வேறொரு மரபுக்கூற்றின் உதவியாற் செம்பழத்திலும் பீட்டா கரோட்டீன் உண்டு. எனவே, மாலைக்கண் நோய்க்கு அஞ்சுவோர் நிறங்கண்டு மயங்காது, கிடைத்த பழத்தைக் குழந்தைகட்கு ஊட்டுவாராக.