எந்தக் கப்பல் முதலில்?

இராயபுரம் கடற்கரையில் நின்று நோக்கினால், தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களைக் காணலாம். அவற்றுள் சில, சென்னைத் துறைமுகத்தில் இடம் கிடைப்பதற்காகக் காத்திருப்பவை. ஒரு கப்பல் கரையணையக் கப்பல் தளம், வழிகாட்டும் மாலுமி, இழுவைப் படகு ஆகிய மூன்றும் ஒரே வேளையில் கிடைக்க வேண்டும். இவை அளவுக்கு உட்பட்டவை. எனவே, ஒரு பணிக்கு முன்னுரிமை அளித்தால் மற்றொரு பணி காத்திருக்கத்தான் வேண்டும். வளங்களைப் பகிர்ந்துகொள்ளும் எந்த நிறுவனத்திற்கும் இது பொருந்தும்.

வந்த வரிசையில் இடமளிப்பது எளிய முறை. ஆயினும், நிலக்கரி இருப்புக் குறைந்த அனல்மின் நிலையத்திற்கு வரும் கப்பலையும், பத்து நாள் பொறுக்கக்கூடிய மரத்தடிக் கப்பலையும் ஒரே வரிசையில் நிறுத்த இயலாது. இங்குதான் முன்னுரிமை தேவைப்படுகிறது. ஆனால் அது விலையின்றிக் கிடைத்தால், ஒவ்வொருவரும் தம் பணியே அவசரமானது என்பர். (பள்ளியில் உள்ள ஒரே கணினி அறையை எத்தனை பேர் 'அவசரமாக'க் கேட்பர் என்பதை நீங்களே அறிவீர்கள்!) பெரிய துறைமுகங்களின் கட்டண விதிகள் இதற்கு ஒரு வழி கண்டன. வரிசையை முந்தும் கப்பல், தன் தளவாடகையில் 75 விழுக்காடு அல்லது ஒரு நாள் வாடகை, இவற்றுள் எது மிகுதியோ அதைக் கூடுதலாகச் செலுத்த வேண்டும். ஏற்கெனவே தளத்தில் நிற்கும் கப்பலை வெளியேற்றி அவ்விடத்தைப் பெறுவதாயின் 100 விழுக்காடு. பாதுகாப்புத் துறைச் சரக்கிற்கும் அண்டார்டிகா ஆய்வுப் பயணக் கப்பலுக்கும் விலக்கு உண்டு. இது நல்ல ஏற்பாடே. எனினும், அந்தக் கூடுதல் கட்டணம் துறைமுகத்தைச் சேருமேயன்றி, காத்திருந்த கப்பலைச் சேராது.

வளத்தையே பிரித்துத் தருவது மற்றொரு வழி. 2001இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், தமிழ்நாடு மின்வாரியத்தின் நிலக்கரியைக் கையாளுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு அமைந்தது. மின்நிலையத்திற்கெனத் தனித்தளம் அமைந்தபின், அக்கப்பல்கள் சென்னையில் பிற சரக்குகளோடு போட்டியிடத் தேவையில்லை.

துறைமுகம் வகுக்கும் வரிசையில் கப்பல்களுக்கே இடமுண்டு. அருகில் வாழ்வோருக்கு இல்லை. நிலக்கரித் தூசியால் அவர்கள் பட்ட துன்பம் நீதிமன்றம் வரை சென்ற பின்னரே கணக்கில் வந்தது. 2011 அக்டோபர் முதல் நிலக்கரியையும் இரும்புத் தாதையும் சென்னைத் துறைமுகத்தில் கையாளக் கூடாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. தூசி நிறைந்த நிலக்கரி எண்ணூருக்குச் சென்றது. சரக்குப் பெட்டகங்கள் சென்னையில் தொடர்ந்தன. அப்பெட்டகங்களை ஏற்றிய சரக்குந்துகள் துறைமுக வாயிலில் இடம் கிடைக்கும்வரை எண்ணூர் விரைவுச்சாலையில் அணிவகுத்தன. தளத்திற்கு வாடகை உண்டு. சாலையில் நிற்பதற்கு இல்லை. அதனால், திருவொற்றியூரிலிருந்து பள்ளிக்கும் பணிக்கும் செல்வோரும் அந்த வரிசையின் பின்னே காத்திருந்தனர்.